நூறு வெள்ளிக்குள் மலைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

[காட்சி: புக்கிட் தீமா உச்சி. மழை விட்ட காலை. சேறு படிந்த ஒரு ஜோடி பூட்ஸ்.]

வணக்கம். சிங்கப்பூரில் இதைவிட உயரமான இயற்கைக் குன்று கிடையாது. ஆனாலும் உயரம் 164 மீட்டர்தான். இங்கே ஏற ஓடுவதற்குப் போடும் காலணியே போதும். ஆனால் இங்கே பயிற்சி எடுத்துவிட்டு நம்மில் பலர் கிளம்பிப் போகிற மலைகள் வேறு. மலேசியாவின் ஜொகூரில் குனோங் லேடாங், 1,276 மீட்டர். இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் ரிஞ்சானி, 3,726. மலேசியாவின் சாபாவில் கினபாலு, 4,095.

முதல்முறையாகக் கினபாலு போகும் என் அக்கா கேட்டார்: "ஏன்டா தம்பி, முந்நூறு வெள்ளி கொடுத்தால்தான் கால் நனையாமல் இருக்குமா?"

இல்லை அக்கா. நூறு வெள்ளிக்குள்ளேயே நல்ல ஜோடி கிடைக்கும். காசு எதற்குப் போகிறது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

[காட்சி: கடையில் ஒருவர் காலணியைப் போட்டுப் பார்க்கிறார்.]

முதலில் அளவு. நடந்து நடந்து கால் வீங்கும். அதனால் மாலையில் கடைக்குப் போங்கள். மலையில் போடப்போகும் கனமான காலுறையைக் கையோடு எடுத்துப் போங்கள். லேஸ் கட்டும் முன் காலை முன்பக்கமாகத் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு குதிகால் மேலெழும்பக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லேடாங்கில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் போய் முன்பக்கம் இடித்தது. வீட்டுக்கு வந்தபோது இரண்டு நகங்களும் கறுத்திருந்தன, பிறகு விழுந்தும் விட்டன. அந்த பூட்ஸ் மலிவானது இல்லை. அரை அளவு சிறியது, அவ்வளவுதான். கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் படியில் இறங்கிப் பாருங்கள்.

[காட்சி: பூட்ஸின் அடிப்பாகம், மிக அருகில்.]

அடுத்தது சோல். 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு பேர் இறந்த ஒரு விபத்துதான், வித்தாலே பிரமானி என்ற மலையேறியை ரப்பர் சோல் செய்யவைத்தது. இன்று வைப்ரம் என்று நாம் சொல்வது அவர் பெயரின் சுருக்கம். நான் எல்லாவற்றையும்விட சோலுக்கே காசு கொடுப்பேன். கால் நனைந்தால் எரிச்சல்தான் வரும். வழுக்கினால் எலும்பு போய்விடும்.

பிராண்ட் பெயரைப் பார்க்க வேண்டியதில்லை, கையால் பாருங்கள். அடியில் இருக்கும் பற்கள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழம் இருக்கட்டும். அவற்றுக்கிடையே இடைவெளி இருந்தால்தான் சேறு தானாக உதிரும். காலணியை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நட்டநடுவில் மடங்கக் கூடாது. துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் கரடுமுரடான பாறைக்கு அது ஆகாது.

[காட்சி: சேம்பிலை மேல் உருளும் நீர்த்துளி. பிறகு பூட்ஸ் மேல் அதே துளி.]

சரி, நனையாமை. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில், காலுறை வடிவத்தில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். கோர்டெக்ஸ் என்பது அப்படி ஒரு சவ்வு. 1969-இல் பாப் கோர் ஒரு பிளாஸ்டிக் கம்பியை மெதுவாக இழுக்காமல் வெடுக்கென்று இழுத்தார். அது அறுந்துபோகாமல் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு விரிந்தது. அந்தத் துளைகளில் நீர்த்துளி நுழையாது, வியர்வை ஆவி வெளியேறும்.

ஆனால் ஆவி வெளியேற, உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். லேடாங் அடிவாரக் காடும் அப்படித்தான். அங்கே எவ்வளவு விலை உயர்ந்த சவ்வாக இருந்தாலும் கால் வியர்வையிலேயே ஊறும். ஓடையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்து உள்ளே புகுந்துவிட்டால் வெளியே போக வழியே இல்லை, வாளியைச் சுமந்து நடப்பதுபோல் இருக்கும். அதனால் லேடாங்குக்கு நனையாத பூட்ஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. தண்ணீர் வடியும் வலைத்துணிக் காலணி போதும்.

கினபாலு வேறு கதை. தங்குமிடம் இருக்கும் பானாலாபான் 3,200 மீட்டருக்கு மேல். முதல் நாள் பிற்பகல் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டால் படிகளிலேயே தண்ணீர் ஓடும். அன்று நனைந்த காலணி குளிரில் காயவே காயாது. மறுநாள் அதிகாலை இரண்டரை மணிவாக்கில் அதே ஈரக் காலணியை மாட்டிக்கொண்டு, உறைநிலையை ஒட்டிய குளிரில் கிரானைட் பாறைமேல் ஏற வேண்டும். சவ்வுக்குக் கொடுத்த காசுக்கு அங்கேதான் பலன். அக்காவுக்கு அதனால்தான் நனையாத பூட்ஸ் வாங்கச் சொன்னேன்.

அந்தச் சவ்வு கோர்டெக்ஸாகவே இருக்க வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் சொந்தமாகச் சவ்வு வைத்துத் தைக்கின்றன, விலையும் குறைவு. விலைச்சீட்டில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருக்கிறதா, 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இருக்கிறதா என்று படியுங்கள். இரண்டாவது, தூறலை மட்டுமே தாங்கும். அப்புறம், லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்குக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே விரலை விடுங்கள். இரண்டும் எவ்வளவு உயரம் வரை சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு உயரம் வரைதான் தண்ணீர் தடுக்கப்படும். பாதியிலேயே பிளந்திருந்தால் சவ்வு இருந்தும் பயனில்லை.

[காட்சி: ஸ்டோர் ரூமில் பழைய பூட்ஸ். சோல் பிஸ்கெட் போல் உதிர்கிறது.]

மலிவாக வாங்க நினைப்பவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் 'ஒரே முறை போட்டது, ஐந்து வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று விற்பார்கள். அந்த ஐந்து வருடம்தான் ஆபத்து. பல பூட்ஸ்களில் பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் இடையே இருக்கும் நடு அடுக்கு, பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக். காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். பெட்டியில் சும்மா கிடந்தாலும் சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும், மலையில் பாதி வழியில் சோல் கழன்று வரும். தேசிய சேவை முடித்து வீட்டில் வைத்திருக்கும் ராணுவ பூட்ஸைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரிசல் தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, பொடியாக உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மலேசியாவில் 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் காலணி. விலை பத்து வெள்ளிகூட வராது. ஈர மண்ணிலும் வேர்களிலும் அப்படிப் பிடிக்கும். சுமைதூக்கிகள் அதைப் போட்டுக்கொண்டு மலையேறுவதைப் பார்க்கலாம். ஆனால் அவர்களுடைய பாதம் பல வருடம் பழகியது. மெத்தை கிடையாது, கணுக்காலுக்குப் பிடிப்பும் கிடையாது. லேடாங் போன்ற ஒருநாள் நடைக்குச் சரி. இரண்டு நாள் கல்லில் இறங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

[காட்சி: வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் படிக்கட்டு.]

வாங்கியதும் முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். அழுக்காகாமல் இருந்தால்தான் கடையில் மாற்ற முடியும். பிறகு முதுகுப்பையோடு புளோக் படிகளில் ஏறி, லிஃப்டைத் தொடாமல் நடந்தே இறங்குங்கள். இறங்கும்போதுதான் எங்கே உரசுகிறது என்று தெரியும்.

நனைந்து திரும்பினால் வெயிலிலோ ஹேர் டிரையரிலோ வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். உள்அட்டையைக் கழற்றிவிட்டு, பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறியிருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு தாள் திணியுங்கள்.