பிணை நிற்க மறுத்தால் அன்பு இல்லையா?

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன். "பாஸ்டர், எங்கள் லோன் குழுவில் பக்கத்து வளவு அக்கா இன்னொரு கடன் எடுக்கப் போகிறா. நான் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். போன முறை அவ கட்டாமல் விட்ட மூன்று கிழமைக் காசையும் நாங்கள்தான் பங்கு போட்டுக் கட்டினோம். தயங்கினேன். 'மற்றவர்களை முதலில் வை என்றுதானே உங்கள் வேதம் சொல்லுது' என்று கேட்டுவிட்டா. என்ன செய்வது?"

அவ சொல்லுவது பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின நிருபம், பிலிப்பியர் 2ஆம் அதிகாரம். மனத்தாழ்மையோடு ஒருவரையொருவர் மேன்மையாக எண்ணுங்கள் என்கிறார் பவுல். அடுத்த வசனம்: "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக." அந்த 'உம்'மைப் பாருங்கள். பிறருக்கானவைகளை என்று இல்லை, பிறருக்கானவைகளையும். அப்படியென்றால் தன்னுடையதையும் பார்க்கத்தான் வேண்டும். அவசரத்தில் நாம் விழுங்கிவிடுகிற எழுத்து அது. அதோடு, 'ஒருவரையொருவர்' என்பது இரண்டு பக்கத்துக்கும் சொன்னது. இந்த வசனத்தை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம், உங்கள் மூஞ்சிக்கு நேரே நீட்ட முடியாது. அந்தச் சபையில் இரண்டு பெண்களுக்குள் ஒத்துப்போகாமல் இருந்தபோதும், நாலாம் அதிகாரத்தில் பெயர் சொல்லி இருவருக்கும்தான் புத்தி சொல்லுகிறார். ஒருத்தியை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து நாங்கள் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். தண்ணிப் பவுசர் வருவதற்கு முன்னமே கலன்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் தறப்பாள் நிழலில் குந்தியிருப்பார்கள். ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், நான் பிந்திப் போனேன். முன்னுக்கு நின்ற ஒரு அம்மா, யாரென்றே தெரியாது, மூடி இல்லாத தன் மஞ்சள் கலனைப் பின்னுக்கு இழுத்துவிட்டு அந்த இடத்தில் என் வாளியை வைத்தா. ஆனால் வரிசையை விட்டுப் போகவில்லை. எனக்குப் பின்னால் நின்று தன் கலனையும் நிரப்பிக்கொண்டுதான் போனா. அவவின் கூடாரத்திலும் தாகத்தோடு யாரோ இருந்திருப்பார்கள்தானே. தியாகம் என்றால் வெறுங்கலனோடு திரும்புவது என்று நாங்கள் பிரசங்கம் பண்ணிப் பண்ணியே சனத்தைக் குழப்பி வைத்திருக்கிறோம். நானும் பண்ணியிருக்கிறேன்.

"அப்போ இயேசு தம்மையே வெறுமையாக்கினாரே?" என்று கேட்பீர்கள். உண்மைதான், அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தம்முடைய ஜீவனை யாரும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, தாமே கொடுப்பதாக அவர் சொன்னார், யோவான் 10. வெட்கப்படுத்தி வாங்குகிற கையெழுத்து அந்த வகையில் சேராது. அதுவும் நீங்கள் கொடுக்கப் போவது உங்களுடையதை மட்டுமல்ல. அவ கட்டாவிட்டால் பிள்ளைகளின் கொப்பிக் காசும் போகும். வன்னியில் குழுக்கடன் எத்தனை வீட்டைக் குலைத்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிணையைப் பற்றி வேதம் நேரடியாகவே பேசுகிறது. நீதிமொழிகள் 6: சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டிருந்தால், வேடன் கைக்குத் தப்புகிற மானைப்போலத் தப்பிக்கொள். பட்டு அறிந்தவன் எழுதினது மாதிரி இருக்கும்.

அதனால், சகோதரி, கையெழுத்து வைக்காதீர்கள். ஆனால் அதோடு படலையைச் சாத்திவிடவும் வேண்டாம். நேரே போய், "அக்கா, பிணை நிற்க என்னால் ஏலாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள், சாட்டுச் சொல்ல வேண்டாம். பிறகு எதற்கு இந்தக் காசு என்று கேளுங்கள். அனேகமாகப் பழைய கடனைக் கட்டத்தான் புதுக் கடனாக இருக்கும். அப்படியென்றால் அவவின் கடன் கொப்பியை எடுத்து வைத்து, இரண்டு பேருமாக இருந்து கணக்குப் பாருங்கள். வீட்டில் அரிசி இருந்தால் இரண்டு கொத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், திருப்பிக் கேட்காமல். கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் பேசாமல் இருப்பா. இருக்கட்டும்.

சரி, அடுத்த கேள்வி குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி வந்திருக்கிறது.