உப்புவெளிக் கரையில் சித்திர வகுப்பு

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நிற்கிறேன். தூரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு தெரிவது சுவாமி மலை. உச்சியில் கோணேசர் கோயில். சனிக்கிழமைச் சித்திர வகுப்பை இப்போது இங்கேதான் வைக்கிறேன். "வகுப்பறை இருக்க, வெயிலில் எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகவே இந்தக் காணொளி.

எந்தப் பிள்ளையிடமும் ஒரு காட்சி கீறச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை, கடலுக்கு நீலம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் இதையேதான் கீறுகிறது. கையில் குறையில்லை, கண்ணுக்குத்தான் நாம் வேலை கொடுக்கவில்லை. இதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

இந்த மலையையே பாருங்கள். காலையில் சூரியன் அதற்கு அப்பால் நிற்பதால் பாறை முழுவதும் கருநீலமாகத்தான் தெரியும். மரம் எது, வெடிப்பு எது என்று பிரியாது. பின்னேரம் மேற்கு வெயில் பட்டதும் அதே பாறையில் மண்ணிறமும் பச்சையும் எழும்பிவிடும். பிள்ளைகள் இரண்டு வேளையும் வரைந்து, தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நான் விளக்கவே தேவையில்லை.

போன கிழமை கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்கும் அந்தச் சாய்வை எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத்தராது. அலை பின்வாங்கிய ஈரமணலில் வானம் அப்படியே விழுந்து கிடந்தது. தண்ணீர் உள்ளே இறங்க இறங்க மங்கியது. ஒரு சிறுமி திடீரென்று, "டீச்சர், மணல்தான் நீலம், கடல் பச்சை!" என்றாள். அன்றைய பாடம் அவளுடையது. என் படங்களில் ஈரமணலுக்கு இப்போது பாதித் தாள் கொடுக்கிறேன்.

படிப்பிப்பதால் ஓவியம் வரைய நேரம் போகிறதே என்பவர்களுக்கு இதுதான் என் பதில். நம்மிடையே நவீன ஓவியம் வேர்பிடித்ததில் சித்திர ஆசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் 1938இல் வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடங்கிய எஸ். ஆர். கனகசபையும் ஆசிரியர்தான்.

வெளியே வரைவது சுகமான வேலையல்ல. தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாளில் வைத்த நீர்வர்ணம் தூரிகையைக் கழுவுவதற்குள் காய்ந்துவிடும். மார்கழி ஈரத்தில் காயவே காயாது. அதனால்தான் வானத்தை முதலில், ஒரே மூச்சில் முடிக்கச் சொல்கிறேன். அலையின் நுரைக்கு வெள்ளை பூசவும் விடுவதில்லை. தாளின் வெள்ளையையே விட்டுவைக்க வேண்டும். எங்கே தொடக்கூடாது என்று முன்கூட்டியே பார்த்துவைக்கப் பிள்ளை பழகிவிடும்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்துவிடுங்கள். தாள் தடிப்பானதாக, 300 கிராம் (சதுர மீட்டருக்கு) என்று கேட்டு வாங்குங்கள். மெல்லியது தண்ணீர் பட்டதும் சுருண்டுவிடும். கறுப்பு வர்ணம் வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தோடு பழுப்பு கலந்து நிழல் எடுக்க நான் காட்டித்தருகிறேன்.