தூரில் முளைக்கிற காளான்

வணக்கம். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து, அஞ்சாம் நாள் லேசாக வெயில் தலைகாட்டினதும் என்னிடம் வருகிற முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, வெட்டின வேம்புத் தூரைச் சுத்திக் காளானா முளைச்சுக் கெடக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?"

ஒரு மருந்தும் வேண்டாம். வெளியே தெரிகிற குடை வெறும் காய்தான், பனம்பழத்தைப் பொறுக்கிவிட்டால் பனை போய்விடுமா? கடப்பாரையால் தூரில் ஒரு சில்லைப் பெயர்த்துப் பாருங்கள், ஈரப் பஞ்சுபோல உதிரும், உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கும், அதுதான் பூஞ்சை. மண்ணுக்கடியில் செத்த வேர் எதுவரை போகிறதோ அதுவரைக்கும் அதுவும் போய்க் கட்டையைத் தின்கிறது. மேலே அடிக்கிற மருந்து அங்கே போய்ச் சேராது.

நானும் ஒரு காலத்தில் கெட்டிக்காரத்தனம் பண்ணியவன்தான். நம்ம ராமநாதபுரம் கடற்கரை வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கும்போது உப்புக்கு என்ன குறை என்று அரை மூட்டைக் கல்லுப்பைப் பூவரசந் தூரில் கொட்டினேன். அந்த வருஷம் காளான் வரவில்லை, சரி, பக்கத்தில் நின்ற முருங்கையும் கருகிப் போயிற்று. கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கிற கரையில் நாமே உப்பை அள்ளிப் போடுவதா? அந்த முருங்கைக்காக வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

தோண்டி எடுப்பதுதான் வழி, அதுவும் வெட்டின கையோடு. கருவைத் தூர் என்றால் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தூர்கரிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. தோண்ட முடியாத இடமா, தரையோடு அறுத்து, கட்டையில் துளை போட்டு, சாணியைக் கரைத்து ஊற்றி மண்ணை மூடிவிடுங்கள், சில வருஷத்தில் மக்கிவிடும். அதுவரை குடை விரியுமுன் பறித்துப் போடுங்கள், பிள்ளைகள் வாயில் வைத்துவிடக் கூடாது. வெள்ளிக் காசு போட்டுக் கறுக்கிறதா என்று பார்த்துச் சமைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், அந்தச் சோதனை சுத்தப் பொய்.

தென்னந்தூர் விஷயத்தில் மட்டும் நான் இப்படிச் சாவகாசமாகப் பேச மாட்டேன். உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மெத்தென்ற குடையாக இல்லாமல், கட்டைபோலக் கெட்டியாக, வார்னிஷ் பூசினதுபோலச் செம்பழுப்பாக மினுங்கி, ஓரம் மட்டும் வெள்ளையாக அரைவட்டத் தட்டு ஒன்று தூரை ஒட்டி வந்திருந்தால் அது கானோடெர்மா என்கிற பூஞ்சையின் காய். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் தென்னைகளை வாரிக்கொண்டு போனதால் தஞ்சாவூர் வாடல் என்று பேர் வாங்கிய நோய் இந்தப் பூஞ்சையால் வருவதுதான். மணல்பாங்கான கடலோரத் தோப்பு அதற்கு ரொம்பப் பிடிக்கும், வேரோடு வேர் தொட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். நிற்கிற மரத்தின் அடியில் வெடித்துச் செம்பழுப்பாகச் சாறு வடிந்தால், அந்த மரத்துக்கு 4 அடி தள்ளிச் சுற்றிலும் 2 அடி ஆழம், 1 அடி அகலத்துக்குக் குழி வெட்டுங்கள், அதன் பாத்தித் தண்ணீரை நல்ல மரத்துக்குத் திருப்பாதீர்கள். நல்ல மரங்களுக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வையுங்கள்.

செத்த மரத்தின் தூரை வேரோடு பறித்து எரித்துவிட வேண்டும். உட்கார்ந்து இளநீர் வெட்டத் தோதாக இருக்கிறதென்று அதை விட்டுவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உட்கார ஒரு கல்லை உருட்டிப் போட்டுக்கொள்ளுங்கள் அய்யா.