காராமணியும் இட்லிப்பூவும்: இரண்டு மஞ்சள் இலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "இலை மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பவை இரண்டு. எந்தச் செடி? மஞ்சளாவது மேல் இலையா, கீழ் இலையா? இவற்றுக்கு விடை தெரியாமல் உர மூட்டையைப் பிரிப்பது வீண். இன்றைக்கு இரண்டு செடிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று காராமணி, தட்டைப்பயறு என்றும் சொல்வார்கள். மற்றது வெட்சி, அதாவது இட்லிப்பூ. இரண்டும் வெயில் கேட்கும். இரண்டுக்கும் குளிர் ஆகாது. வேரில் தண்ணீர் தேங்கினால் இரண்டுமே வாடும். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான்.

காராமணியை அறிய அதன் வேரைப் பார்க்க வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்றாலும், எந்தச் செடியும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பயறு வகைச் செடிகள் வேர்முடிச்சுகளில் நுண்ணுயிர்களைக் குடிவைத்து, அவற்றின் உதவியால் அதைச் சத்தாக மாற்றிக்கொள்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் 1886இல் இதை எடுத்துக்காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1888இல், நெதர்லாந்தைச் சேர்ந்த பெயரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார். பயறு விளைந்த நிலம் வளமாகிறது என்பதை உழவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே அறிந்திருந்தார்கள். ஏன் என்பதுதான் அப்போது விளங்கியது.

விதை முளைத்து இரண்டு மூன்று வாரங்களில் முடிச்சுகள் தோன்றும். சில வாரங்கள் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. அந்தச் சிவப்பைத் தருவது நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள். முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்து தேய்த்தால் உதிர்ந்துவிட வேண்டும். உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை. மகிழ்ச்சி அடைய வேண்டாம்.

முடிச்சு வேலை செய்யத் தொடங்கும் முன், இளஞ்செடியின் கீழ் இலைகள் லேசாக வெளுப்பது உண்டு. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதாதபோது செடி அதைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்புகிறது. அதனால் கீழிருந்துதான் மஞ்சளாகும். இங்கேதான் பலர் பதறிப்போய் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கொடி காடாக ஓடும், காய் அங்கொன்றும் இங்கொன்றும் தொங்கும். சிறிது பொறுத்தால் போதும். காராமணிக்கு வேண்டியது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மிகச் சிறிதளவு மாலிப்டினமும் வேண்டும், ஏனென்றால் நைட்ரஜனை மாற்றும் நொதிக்கு அது இல்லாமல் ஆகாது. பயறு வகை விளைந்தே இராத மண் என்றால் விதையில் ரைசோபியம் என்ற அந்த முடிச்சு நுண்ணுயிரைக் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். ஆனால் மேல் இலைகளில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் கண்டால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயாக இருக்கக்கூடும். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள்.

இனி இட்லிப்பூ. இதில் மஞ்சள் மேலிருந்து தொடங்கும். தளிர் வெளுத்திருக்கும், நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும். இது இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் தங்கிவிட்ட இரும்பைச் செடியால் எளிதில் தளிருக்கு நகர்த்த முடியாது. அதனால்தான் தளிர் முதலில் வெளுக்கிறது. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண் காரமாக இருப்பதால் இரும்பு கரையாமல் கிடக்கிறது. துருப்பிடித்த ஆணிகளை வேரடியில் புதைப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே கரையாத இரும்போடு இன்னும் கொஞ்சம் கரையாத இரும்பைச் சேர்த்ததுதான் மிச்சம்.

இட்லிப்பூ அமில மண் கேட்கும் செடி. மண்ணின் பி.எச். அளவு 5க்கும் 6க்கும் இடையில் இருந்தால் செழிக்கும் (இந்த எண் 7க்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே இருந்தால் காரம்). 7ஐத் தாண்டினால் வெளுக்கத் தொடங்கும். சிமென்ட் சுவரோரம் வைத்த செடிகள் அடிக்கடி வெளுப்பதற்கு, சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு ஒரு காரணம். சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரை ஊற்றி வந்தாலும் நாளடைவில் இதே கதிதான். இலையில் இரும்பைத் தெளித்தால் தளிர் பச்சை பிடிக்கும், ஆனால் அடுத்த தளிர் மறுபடி வெளுக்கும். மண்ணை மாற்ற வேண்டும்: மக்கிய இலைகள், கந்தகம். கந்தகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றப் பல வாரங்கள் ஆகும். கொணைப்பு இரும்பு, அதாவது எளிதில் கரையாமல் போகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு, வாங்குவதானால், கார மண்ணிலும் கரைந்தே நிற்கும் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) வகை அங்கே நிலைக்காது.

ஆக, காராமணிப் பாத்திக்கென்று தூவும் சுண்ணாம்போ சாம்பலோ பக்கத்து இட்லிப்பூவுக்குக் கேடு. மறுபுறம், மண் அமிலம் மிகுந்துபோனால் மாலிப்டினம் வேருக்கு எட்டாது. முடிச்சு நுண்ணுயிர்களும் சுணங்கும். இரண்டையும் அருகருகே வைத்தே தீர வேண்டுமென்றால் பி.எச். 6ஐ ஒட்டி இருக்கட்டும், இரண்டும் பொறுத்துக்கொள்ளும்.

காராமணியை 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாகப் பாத்தியிலேயே விதைக்க வேண்டும். பிடுங்கி நடுவதை அதன் ஆணிவேர் விரும்பாது. காய்க்காக வளர்க்கும் காராமணி வகைகள் 50, 60 நாட்களில் காய்க்கும். பிஞ்சாகப் பறித்துக்கொண்டே இருந்தால் மேலும் பூக்கும். முற்றவிட்டால் கடமை முடிந்ததென்று ஓய்ந்துவிடும். வறட்சி தாங்கும் செடிதான், ஆனாலும் பூக்கும் நேரத்தில் காய்ந்தால் பூ உதிரும். இட்லிப்பூவோ ஆண்டுக்கணக்கில் நிற்பது. ஈரம் சீராக இருக்க வேண்டும், வேரடியைக் கொத்தக் கூடாது. பூங்கொத்து கிளை நுனியில் வருவதால், ஒரு சுற்று பூத்து முடிந்ததும் கவாத்து செய்தால் கிளைகள் பெருகும், பூவும் பெருகும். வேலி மட்டமாக இருக்கட்டும் என்று ஓயாமல் கத்தரித்தால் மொட்டையும் சேர்த்தே வெட்டுகிறோம்.

பூச்செடிக்கென்று விற்கும், செடிக்குள் ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லிகளைக் காராமணிக்கு அருகில் பயன்படுத்தவே வேண்டாம். காராமணி நாம் உண்பது. அதில் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

சுவரோரம் தவிர வேறு இடமில்லை என்பவர்கள் இட்லிப்பூவை அமில மண் நிரப்பிய தொட்டியில் வையுங்கள். மண் சற்றே காரமாக மட்டும் இருந்தால், அந்தச் சுவரோரத் தரையில் காராமணியை ஏற்றிவிடலாம். விளைச்சல் முடிந்ததும் தண்டை அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

வணக்கம்.