சேத்துப்பட்டில் தொடங்கிய கணக்கு: ஒரு கூட்டு ஆராய்ச்சியின் பலனை எப்படி அளப்பது?

(திரையில்: 1950-களின் மெட்ராஸ், நெருக்கமான வீடுகள்)

அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்துக்குப் போக வேண்டும். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ கொஞ்சம். சம்பாதிக்கிற ஆள் ஒரு வருடம் போய்ப் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து ஒரு கேள்வியைக் கையில் எடுத்தன. மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதாதா?

200-க்கும் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம்!

(திரையில்: 1959-இல் வெளிவந்த கட்டுரையின் முதல் பக்கம்)

சரி, இந்தக் கூட்டு முயற்சியின் பலனை எதை வைத்து அளப்பது?

கட்டுரைகளை எண்ணுவது சுலபம். அதனால்தான் எல்லோரும் அதையே எண்ணுகிறார்கள். பிரிட்டனில் மார்ட்டின் பக்ஸ்டன், ஸ்டீபன் ஹேனி என்ற இரு ஆய்வாளர்கள் 1990-களில், ஆராய்ச்சியின் பலனை அளக்கும் ‘பேபேக்’ என்ற முறையில் இன்னும் நான்கைச் சேர்த்தார்கள். அடுத்த ஆராய்ச்சிக்கு என்ன உதவி, அரசின் முடிவு மாறியதா, மக்கள் உடல்நலமும் மருத்துவச் சேவையும் மேம்பட்டனவா, பொருளாதாரத்துக்கு என்ன லாபம்?

அரசின் முடிவு மாறியது. 1962-இல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையைத்தான் அடிப்படையாக வைத்தது. ஆனால் அந்தத் திட்டத்தை வடிவமைத்தது பெங்களூரில் இருந்த தேசிய காசநோய் நிறுவனம். அப்படியானால் பெருமையில் மெட்ராஸுக்கு எத்தனை சதவீதம்? இப்படிப் பங்கு பிரிப்பதே தவறு என்று நினைக்கிறேன். ‘மெட்ராஸ் ஆய்வு இல்லாமல் இந்த முடிவை இவ்வளவு துணிச்சலாக எடுத்திருக்க முடியுமா?’ என்று கேட்பதுதான் நேர்மை.

அப்புறம், எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற ஒன்று உண்டு. வெளிநாட்டு நிபுணர்கள் கிளம்பிய பிறகு இங்கே என்ன மிஞ்சியது? பல கூட்டு ஆராய்ச்சிகளில் வாடகைக் கட்டடமும் பழைய கோப்புகளும்தான் மிஞ்சும். இங்கே ஒரு நிறுவனமே மிஞ்சியது. சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

(திரையில்: ஒரு வீட்டு வாசல், வரிசையாகச் செருப்புகள்)

முதல் வருடத்தோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஐந்து வருடம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கூடவே அவர்களுடைய குடும்பத்தாரையும் சோதித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஒரே அறையில் படுத்துத் தூங்கிய அந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.