641 செய்த வேலை

வணக்கம் மக்களே. நடுவில் குக்கர் விசில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு வீடியோ சமையலறை மேசையில்தான். கையில் ஒரு பேப்பரும் பேனாவும் இருக்கட்டும்.

இந்த எண்ணைப் பாருங்கள்: 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. வரிசையாக 32 இரண்டுகளை எழுதிப் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கூட்டினால் இது வரும்.

பிரான்சில் ஃபெர்மா என்று ஒருவர். தொழில் வக்கீல், பைத்தியம் கணக்கு மேல். 1640-ல் அவர் கண்ணில் பட்ட வரிசை: 3, 5, 17, 257, 65537. எதை எடுத்தாலும் ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது. ஐந்துமே பகா எண்கள், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. அப்புறம் வருவது நம்ம ஆள், 4294967297. இதுவும் பகா எண்தான், இதற்கு மேல் வருபவையும் அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார்.

கோல்ட்பாக் என்ற கணிதக்காரர் இந்த விஷயத்தை ஒரு கடிதத்தில் கணித மேதை ஆய்லர் காதில் போட்டார். வருஷம் 1729. ஆமாம், ராமானுஜனின் டாக்ஸி எண் கதையில் வரும் அதே 1729! தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1732-ல் ஆய்லர் சொன்ன பதில்: 641-ஐப் போட்டு வகுத்துப் பாருங்கள், மீதியே வராது.

வகுக்காமலே காட்டுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 5-ஐ 128-ஆல் பெருக்கினால் 640. 641-க்கு ஒன்று குறைச்சல், அதனால் மீதியை −1 என்று வைத்துக்கொள்வோம். இதை நான்கு தடவை பெருக்கினால் மீதி 1. சரி, அந்தப் பெருக்கலுக்குள் என்ன இருக்கிறது? நான்கு ஐந்துகளைப் பெருக்கினால் 625 ஆகிவிடும். 128 என்பது ஏழு இரண்டு, அதனால் அங்கே மொத்தம் 28 இரண்டு. 625 என்பது 641-க்கு 16 குறைவு, ஆக அதை −16 என்று எழுதலாம். 16-க்குள் இன்னும் நான்கு இரண்டு. 28-ம் 4-ம் 32! 32 இரண்டுகளைப் பெருக்கி மைனஸ் போட்டால் மீதி 1 என்றால், மைனஸ் இல்லாமல் மீதி −1. அதோடு ஒன்றைக் கூட்டினால்? பூஜ்யம். முடிந்தது. இன்னொரு காரணி 6700417.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பகா எண்களில் 641 வெறும் 116-வது. ஒவ்வொன்றாகப் போட்டு வகுத்திருந்தால்கூட 115 தோல்விக்கு அப்புறம் மாட்டியிருக்கும். இந்த எண்ணின் எந்தக் காரணியும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்று ஆய்லர் பிற்பாடு நிரூபித்தார். அந்த வழியில் பகா எண்களை மட்டும் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே முயற்சி. ஃபெர்மா ஏன் உட்கார்ந்து பார்க்கவில்லை?

வரிசையில் இதற்கு அடுத்தது 18446744073709551617. சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதை ஞாபகம் இருக்கிறதா? அந்த மொத்த நெல்மணிக் கணக்கோடு இரண்டைக் கூட்டினால் இதுதான். 1880-ல் லாண்ட்ரி என்ற 80 வயது தாண்டிய பெரியவர் இதையும் உடைத்தார். அவருக்குக் கிடைத்த காரணி 274177. போன் கால்குலேட்டரில் போடாதீர்கள், பெரும்பாலும் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். கையால் வகுத்துவிட்டு வந்து கமெண்டில் சொல்லுங்கள். இருங்க, விசில் மூன்று ஆகிவிட்டது.