கல்நெஞ்சமா, அவசரமா?

அவையோருக்கு வணக்கம்.

கஷ்ட காலத்தைத் தாண்டி வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பணம் போனதைக்கூட நிதானமாகச் சொல்லிவிடுவார்கள். "ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை" என்று சொல்லும்போதுதான் குரல் உடையும். மனிதன் என்றாலே சுயநலம்தான் என்று முடிவும் கட்டிவிடுவார்கள். அந்த வலி உண்மையானது. அந்த முடிவை மட்டும் நான் மறுக்கிறேன்.

ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1968-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து மைக் வழியாகப் பேசுகிறார்கள். திடீரென்று ஒரு குரல் குழறுகிறது. வலிப்பு வந்தவரைப் போலத் திணறி உதவி கேட்கிறது. அது முன்பே பதிவு செய்த குரல் என்பது கேட்பவருக்குத் தெரியாது. தன் காதில் மட்டுமே அது விழுகிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்குவதற்குள் எழுந்துவிட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள்.

சரி, எழாதவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? ஆய்வாளர் உள்ளே நுழைந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று அவர்களே பதறிக் கேட்டார்கள். அந்த நடுங்கிய கைகளை நினைத்துப் பாருங்கள். உள்ளே தவிப்பு இருந்தது. வேறு யாராவது போயிருப்பார்கள் என்ற எண்ணம் காலைக் கட்டிப்போட்டது.

அவசரமும் அப்படித்தான் கட்டிப்போடுகிறது. 1973-ல் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி வாசலில் சரிந்து கிடந்தார். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அவர்களில் சிலர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு இரங்கிய நல்ல சமாரியன் கதை! எனக்கு இது மிகவும் துயரமான செய்தி. நல்லவர்களாக வாழ ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் அவர்கள்.

தெருவிலும் இப்படித்தானா என்றால், முழுக்க அப்படி இல்லை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களில் கண்காணிப்பு கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து 2019-ல் ஓர் அறிக்கை வந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவராவது குறுக்கே புகுந்திருக்கிறார். கண்ணெதிரே அடிதடி நடந்தால் மனிதன் சும்மா நிற்பதில்லை.

வாழ்க்கையின் பெரும்பாலான போராட்டங்கள் அப்படிக் கண்ணில் படுவதில்லை. கடன், நீண்ட நோய், துணையை இழந்த வீடு. இவற்றில் கூச்சல் கிடையாது. தம்பி பார்த்துக்கொள்வான் என்று அக்காளும், அக்காள் இருக்கிறாளே என்று தம்பியும் நினைப்பார்கள். நண்பர்களோ, "எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போவார்கள். நொந்து கிடப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு இருக்காது.

துன்பத்தில் இருப்பவர்களே, பொதுவாகப் புலம்பாதீர்கள். ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். "நாளை வங்கிக்கு என்னோடு வர முடியுமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கப்பட்டவருக்கு, வேறு யாராவது போவார்கள் என்று ஒதுங்க இடமில்லை.

உதவ நினைப்பவர்களே, கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "இன்று இரவு மருத்துவமனையில் நான் இருக்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்" என்று சொல்லி, அந்த நாற்காலியில் போய் உட்காருங்கள்.